ஜன்னலுக்கு இந்தப் பக்கம்

ராமநாதபுரம் மாவட்டத்தின் உட்பகுதியில், ஒரு நாளைக்கு இரண்டே முறை பேருந்து வந்து போகும் ஊரில் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் சில ஆண்டுகள் மருந்தாளுநராகப் பணியாற்றினேன். சமவெளியில் முப்பதாயிரம் பேருக்கு ஒரு நிலையம் என்பது அரசின் கணக்கு. எங்கள் பகுதியில் அந்த முப்பதாயிரம் பேரும் கண்மாய்களுக்கும் கருவேலங்காட்டுக்கும் இடையே சிதறிக் கிடந்தார்கள்.

மருந்துக்குப் பஞ்சமில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1995 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து, தரப் பரிசோதனை முடித்து, மாவட்டக் கிடங்குகள் வழியே அனுப்பி வருகிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் வங்கிக் கணக்கைப் போல ஒரு பாஸ்புக் உண்டு. அதில் இருப்பு குறைந்துவிடுமோ என்ற பயம்தான் எங்களுக்கு. அதனால் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைப் பத்து நாளுக்கு மட்டுமே கொடுக்கும் வழக்கம் எங்கள் நிலையத்தில் எப்படியோ ஊன்றிவிட்டிருந்தது. யாரும் எழுதி வைத்த விதி அல்ல அது. நானும் கேள்வி கேட்காமல் அப்படியே கொடுத்துவந்தேன்.

அறுபது வயதைக் கடந்த ஒரு அப்பத்தா மாதம் ஒருமுறைதான் வருவார். பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே 'ஒழுங்காக வராதவர்' என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். இரத்த அழுத்தம் குறையவே இல்லை என்பதால் மருத்துவர் இரண்டு முறை மாத்திரையின் அளவைக் கூட்டினார். ஒருநாள் அவர் இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, பழைய அட்டைகளைத் திண்ணையில் பரப்பினார். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு குழி விட்டு ஒரு குழியில் மாத்திரை அப்படியே இருந்தது.

"பத்து மாத்திரைய மாசம் முழுக்க ஓட்டணும்ல தம்பி. இங்க வந்து போனா அன்னைக்கு நூறு நாள் வேலைக் கூலி போயிருது" என்றார்.

ஓட்டியும் மீந்தவைதான் திண்ணையில் கிடந்தவை. ஆக, மூன்று நாளுக்கு ஒன்றுகூட அவர் விழுங்கியிருக்கவில்லை. விழுங்காத மாத்திரை வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டி, நாங்கள் அளவைக் கூட்டிக்கொண்டிருந்தோம். கூட்டிய அளவை அவர் ஒரு மாதம் ஒழுங்காக எடுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தபோது எனக்கு வியர்த்துவிட்டது.

மருத்துவரிடம் அன்றே சொன்னேன். அவர் அளவைப் பழையபடி குறைத்து எழுதினார். நான் இன்டென்டை, அதாவது கிடங்கிலிருந்து மருந்து கேட்டு அனுப்பும் பட்டியலை, உயர்த்தி எழுதி அனுப்பினேன். ஒரு மாத மருந்தாகக் கொடுக்கத் தொடங்கினோம். இருப்பு தீர்ந்துபோகும் என்று நாங்கள் பயந்தது நடக்கவேயில்லை. வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டியவர்கள் முதல் பேருந்தில் வந்து பத்து மணி வரை பசியோடு காத்திருந்ததைப் பார்த்து, ஆய்வக நுட்பநர் தாமாகவே எட்டரைக்கு வரத் தொடங்கினார். சர்க்கரை நோயாளியைப் பட்டினி போட்டு உட்காரவைத்திருக்கிறோம் என்பது அதுவரை எங்கள் யாருக்கும் உறைக்காமல் இருந்ததை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. பின்னர் எங்கள் பகுதியிலும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். என் ஜன்னல் முன் வரிசை பாதியாகக் குறைந்தது.

அப்பத்தா மட்டும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தார். அவர் தெருவுக்கு மாத்திரை கொண்டுவந்த பெண் அவருடைய மருமகளின் தங்கை. "அவ பைய எடுத்துட்டு வாசல்ல வந்து நின்னா சம்பந்தி வீடு வரைக்கும் சேதி போயிரும்" என்று சொல்லி, சீட்டை ஜன்னலுக்குள் நீட்டினார். நான் முப்பது மாத்திரைகளை எண்ணிக் கொடுத்தேன்.