இரவு இரண்டு மணிச் சிகரெட்

மலையகத்து வைத்தியசாலை ஒன்றின் உளநலக் கிளினிக்கில் தாதிய உத்தியோகத்தராகப் பணியாற்றி வருகிறேன். தியத்தலாவை, வெலிமடைப் பக்கங்களிலிருந்து எங்களிடம் வரும் ஓய்வுபெற்ற இராணுவத்தினர், புகைப்பதை நிறுத்த உதவி கேட்டு வருவது மிக அபூர்வம். நித்திரை இல்லை, ஏதாவது குளிசை தாருங்கள் என்றுதான் கிளினிக் கொப்பியை நீட்டுவார்கள். நாங்களோ, மனவடுவோடு வாழ்பவருக்கு மாரடைப்பும் நுரையீரல் நோயும் கூடவே வந்துவிடக் கூடாதே என்ற கவலையில் சிகரெட்டைப் பற்றிப் பேசத் தொடங்குவோம். அவர்கள் கேட்கும் நித்திரையைச் சீராக்கிக் கொடுத்த பிறகுதான் நாங்கள் கேட்பது நடக்கும் என்பது இத்தனை கால அனுபவத்தில் எனக்கு உறுதிப்பட்டிருக்கிறது.

பகற்பொழுதின் சிகரெட்டைப் பலரும் ஓரளவு குறைத்துவிடுகிறார்கள். விடாப்பிடியாக நிற்பது நள்ளிரவுக்குப் பிந்தியதுதான். இரத்தத்தில் கலந்த நிக்கொட்டினில் பாதி ஏறக்குறைய 2 மணித்தியாலத்தில் நீங்கிவிடுவதால், படுத்துச் சில மணி நேரத்தில் உடல் அதைத் தேடத் தொடங்குகிறது, நித்திரை இலேசாகிறது. அந்த வேளையில் போர்க்காலக் கனவொன்றும் வந்து எழுப்பிவிட்டால் கை தானாகவே பெட்டிக்குப் போகும். புகைத்ததும் பதற்றம் தணிந்ததாகத் தோன்றுவது உண்மைதான். ஆனால் தணிந்ததில் ஒரு பங்கு நிக்கொட்டின் குறைந்ததால் வந்த பதற்றமே. அதோடு, நிக்கொட்டின் விழிப்பைத் தூண்டும் பொருள் என்பதால் மீதி இரவும் கெட்டுவிடுகிறது.

பண்டாரவளைக்கு அருகில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் காவல் வேலை பார்க்கும் மலாய்க்காரர் ஒருவர், நன்றாகத் தமிழ் பேசுபவர், முதல் நாளே என்னிடம், "மிஸ், நான் நித்திரை கொண்டா சென்ரிக்கு (காவலுக்கு) யாரு?" என்று கேட்டார். வீட்டில் இருக்கும் இரவுகளில் அவர் இஸ்தோப்பில், அதாவது வீட்டின் முன்விறாந்தையில், சுவரோடு முதுகைச் சாய்த்து, பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார் என்றும், சிகரெட்டின் கங்கு வெளியே தெரியாதவாறு உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டே புகைப்பார் என்றும் அவருடைய மனைவி சொன்னார். சேவையை விட்டு எத்தனையோ வருடங்களாகியும் அந்தக் கை இன்னும் எதிரிக்கு ஒளிந்துகொண்டிருந்தது. இப்படிப்பட்டவரிடம் நுரையீரல் படத்தைக் காட்டிப் பேசுவதால் ஆகப்போவது குறைவு.

நித்திரைக் குளிசை நீண்டகாலத் தீர்வாகாது. நாட்பட்ட நித்திரையின்மைக்கு முதலில் கொடுக்க வேண்டியது அறிகை நடத்தைச் சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. அந்நாட்டின் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவ சேவை இதில் தன் ஊழியர்களுக்கு விரிவாகப் பயிற்சியளித்திருப்பதோடு, புகைத்தலைக் கைவிடும் உதவியுடன் இதை இணைத்துப் பார்க்கும் முயற்சிகளும் அங்கே நடந்திருக்கின்றன. முறை எளிமையானது: நித்திரைக் குறிப்பேடு எழுதுவது, தினமும் ஒரே நேரத்தில் எழும்புவது, படுக்கையில் கிடக்கும் நேரத்தை உண்மையில் நித்திரை கொள்ளும் நேரத்துக்கு அண்மையாகச் சுருக்குவது, நித்திரை வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போவது. இரவு வேலையும் பகல் வேலையும் மாறி மாறி வரும் காவலாளிக்கு தினமும் ஒரே நேரத்தில் எழும்புவதே சரிவராது. அதனால் சிகிச்சைக்காலம் முடியும்வரை ஒரே நேர வேலை கேட்டு வைத்தியரின் கடிதத்தோடுதான் தொடங்குகிறோம்.

சிக்கல் அந்த வேறு அறையில் இருக்கிறது. எங்கள் கிளினிக் வாங்கில் இராணுவத்தினருக்குப் பக்கத்திலேயே, 1977 கலவரத்துக்குப் பின் வன்னிக்குப் போய், இறுதி யுத்தத்தையும் கண்டு, தோட்டத்துக்கே திரும்பி வந்த குடும்பத்தினரும் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வரிசையாகப் படுத்திருக்கும் லயக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் அறையில், எழுந்தவர் வழக்கமாகப் போகும் இடம் இஸ்தோப்பு. சிகரெட்டோ பீடியோ காத்திருப்பதும் அங்கேதான். நூலில் உள்ளபடி சொன்னால் நாமே அவரைப் புகைக்க அனுப்பியவர்களாவோம். ஆகவே எழும்பினால் அடுப்படியில் உட்கார வேண்டும், இரவில் வீட்டுக்குள் பெட்டி இருக்கக் கூடாது, வேண்டுமானால் காலையில் கடையில் ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வீடு ஒழுங்கை மாற்றுகிறோம். சில்லறையாகச் சிகரெட் விற்பதை நான் வெறுப்பவள்தான். இந்த ஒரு விடயத்தில் மட்டும் அது எங்களுக்கு உதவுகிறது.

தேயிலை நாட்டில் மறக்கக் கூடாத இன்னொன்று பிளேன்டீ, அதாவது பால் சேர்க்காத தேநீர். சிகரெட் புகையிலுள்ள பொருட்கள் ஈரலைத் தூண்டி, கஃபேனை விரைவாகக் கழிக்கச் செய்கின்றன; புகைப்பதை நிறுத்திச் சில நாட்களில் அந்த வேகம் குறைவதால், வழக்கமான அளவு தேநீரே இரத்தத்தில் இரண்டு மடங்கு கஃபேனைத் தேக்கிவிடலாம். நெஞ்சு படபடக்கிறது, கண் மூடவில்லை, சிகரெட்டை விட்டதுதான் காரணம் என்று சொல்லித் திரும்பவும் பற்றவைத்தவர்கள் உண்டு. பின்னேரத்துக்குப் பின் தேநீர் வேண்டாம் என்பதை, சிகரெட்டைக் கைவிடும் நாளுக்கு முன்பே பழக்கிவிடுகிறோம். நிக்கொட்டின் ஒட்டுப்பட்டி பாவிப்பவருக்குக் கனவுகள் கடுமையானால் படுக்குமுன் அதைக் கழற்றச் சொல்கிறோம்.

நித்திரை சில வாரங்களுக்கு ஓரளவு நிலைத்த பின்னரே கைவிடும் நாளைக் குறிக்கிறோம். அதையும் ஏப்ரலில் வைப்பதில்லை. சித்திரைப் புத்தாண்டுப் பட்டாசு தொடங்கியதும் ஒரு வாரத்து நித்திரை போய்விடும். தீபாவளிக்கும் அப்படியே. வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டக்காரர்கள் காட்டுப்பன்றியை விரட்டப் போடும் வெடிக்குத்தான் நாளும் இல்லை, நேரமும் இல்லை. அதனால் அந்த ஊர்க்காரர்களிடம், உருளைக்கிழங்கு எப்போது கிண்டுவீர்கள் என்று கேட்டுக்கொண்டு, அறுவடை முடிந்த பிறகே நாள் கொடுக்கிறோம்.