காஞ்சிபுரம்: பட்டுக்கு முன்னால் கொஞ்சம் கல்

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பட்டுக் கடைக்கா சார்?" என்பதுதான். கைலாசநாதர் கோயிலுக்கு என்றால் முகத்தில் லேசான ஏமாற்றம். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சென்னையிலிருந்து 75 கிலோமீட்டர் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கல்யாணப் புடவை எடுத்து, காமாட்சியைக் கும்பிட்டு, நேரமிருந்தால் வரதரையும் சேவித்துவிட்டுத் திரும்புகிறவர்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம். இந்த முறை பல்லவர்களைப் பார்ப்பதற்கென்றே கிளம்பினேன்.

கைலாசநாதர் கோயில் ஊரின் மேற்கு ஓரத்தில், தொல்லியல் துறையின் புல்தரைக்கு நடுவே இருக்கிறது. வானளாவிய ராஜகோபுரம் கிடையாது. வாசலில் வரிசையாகச் சின்னச் சின்னச் சன்னதிகள். அதில் ஒன்றைக் கட்டியவள் ரங்கபதாகை என்று கல்வெட்டே சொல்கிறது, ராஜசிம்மனின் பட்டத்தரசி. பெரிய கோயில் அவள் கணவனுடையது. ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலும் இவன் கட்டியது என்றுதான் சொல்கிறார்கள்.

அடித்தளம் கருங்கல், மேலே மணற்கல். மணற்கல் என்பதால் 1,300 வருட மழையும் வெயிலும் நன்றாகவே தின்றிருக்கின்றன. அதைச் சரிசெய்கிறோம் என்று பிற்காலத்தில் பூசிய காரையில் பல சிலைகளுக்கு முகம் உப்பிப்போயிருக்கிறது. காரை உதிர்ந்த இடங்களில் அடியிலிருந்து பல்லவச் சிற்பியின் உளி எட்டிப் பார்க்கிறது. அங்கே நின்று பார்க்க வேண்டும். தூண்களைத் தாங்கிப் பின்காலில் எழுந்து நிற்கும் சிங்கங்களின் பிடரிச் சுருள் ஒன்றுகூட இன்னொன்றின் நகல் போல் இல்லை.

திருச்சுற்று மதிலின் உள்பக்கம் நெடுக 58 குட்டிச் சன்னதிகள். ஒருவர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் அளவு. சிலவற்றின் சுவரில் பல்லவர் கால ஓவியத்தின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்றில் சோமாஸ்கந்தர், அதாவது சிவனும் உமையும் குழந்தை முருகனும். முதலில் வெறும் கறைதான் தெரிந்தது. கண் பழகியதும் செங்காவிக் கோடு ஒன்று வளைந்து தோளாகி, அப்புறம் மடியாகி, மடியில் குழந்தை. மொபைலில் எவ்வளவு முயன்றும் படம் தேறவில்லை. நேரில் பார்த்தால்தான் உண்டு. இந்தச் சன்னதிகளின் கீழ்ப்பகுதியில் ராஜசிம்மனின் பட்டப்பெயர்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். இருநூறுக்கும் மேலே! ஒரே பட்டத்தை வேறு வேறு எழுத்து வடிவங்களிலும். இன்றைய கட்சிப் பேனர்கள் தோற்றுப்போகும்.

இவ்வளவு பெருமைக்காரனைப் பெரியபுராணம் ஒரே கனவில் சமாளித்துவிடுகிறது. காஞ்சியில் கற்கோயில் எழுப்பிய காடவர்கோன் (பல்லவ மன்னன்), குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறான். "அன்றைக்கு நான் நின்றவூர்ப் பூசலார் கோயிலுக்குப் போக வேண்டும், நீ வேறு நாள் பார்த்துக்கொள்" என்கிறார் சிவன் கனவில். ராஜா ஓடிப்போய்ப் பார்த்தால் அங்கே கோயிலே இல்லை; பூசலார் மனசுக்குள் கட்டியது அது. அந்தக் காடவர்கோன் ராஜசிம்மன்தான் என்பது பரவலான கருத்து.

கருவறையில் பதினாறு பட்டை லிங்கம். அதைச் சுற்றிவரும் பாதைக்குள் குனிந்து, தவழ்ந்துதான் நுழைய முடியும். வெளியே வருவதும் அப்படியே. சுற்றி வந்தால் மறுபிறவி இல்லை என்று நம்பிக்கை. எனக்கு முன்னால் ஓர் அம்மா, "தம்பி, மாட்டிக்கிட்டா பின்னாலேருந்து தள்ளி விடுப்பா" என்று சொல்லிவிட்டுச் சரசரவென்று நுழைந்து போனார். மாட்டிக்கொண்டு விழித்தது நான்தான்.

முன்மண்டபத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. இதைத் தேடிப் பார்க்காமல் வராதீர்கள். காஞ்சியைப் பிடித்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, எடுக்காமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டு. அவனுடைய அரசி லோகமகாதேவி அந்த வெற்றியின் நினைவாகக் கர்நாடகத்துப் பட்டடக்கல்லில் எழுப்பியதே விருபாட்சர் கோயில். கைலாசநாதரின் சாயல் அதில் அப்பட்டமாக இருக்கிறது. ஜெயித்தவன் தோற்றவன் ஊரிலிருந்து கொண்டுபோனது கட்டடக் கலையை!

அடுத்து வைகுந்தப் பெருமாள் கோயில். நான் போன நேரம் பிரகாரத்தில் ஆளே இல்லை. ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று கருவறைகள்: கீழே இருந்த (அமர்ந்த) கோலம், நடுவில் கிடந்த (சயன) கோலம், மேலே நின்ற கோலம். திருமங்கையாழ்வார் பரமேச்சுர விண்ணகரம் என்று பாடிய தலம். பெருமாளோடு பல்லவனின் போர்களையும் சேர்த்தே பாடுகிறார். ஆனால் நான் வந்தது திருச்சுற்று மாளிகையின் சுவருக்காக. பல்லவ வம்சத்தின் கதை முழுக்க அங்கே வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசில்லாமல் இறக்கிறான். ஊர்ப் பெரியவர்கள் கிளைவழிச் சொந்தமான இரணியவர்மனிடம் போய் ஒரு பிள்ளையைக் கேட்கிறார்கள். மூத்த மகன்கள் மூன்று பேரும் மாட்டேன் என்கிறார்கள். பன்னிரண்டு வயதுக் கடைக்குட்டி பல்லவமல்லன், "நான் போகிறேன்" என்கிறான். அவன்தான் இந்தக் கோயிலைக் கட்டிய இரண்டாம் நந்திவர்மன். தான் அரசனான கதையைத் தானே செதுக்கி வைத்திருப்பதால் கொஞ்சம் மெருகேற்றியிருப்பான்தான். இருந்தாலும் யானை, குதிரை, முடிசூட்டு விழா என்று கட்டம் கட்டமாக நடந்துகொண்டே பார்ப்பது தனிச் சுகம்.

மதியம் நடை சாத்திவிடுவார்கள். சாயங்காலம் ஏகாம்பரநாதரின் கோபுரத்தை (கிருஷ்ணதேவராயர், 1509) வெளியிலிருந்து பார்த்துவிட்டு, சின்ன காஞ்சிபுரம் போய் வரதரைச் சேவித்தேன். அத்தி வரதர் 2019-இல் 48 நாள் காட்சி தந்துவிட்டுக் குளத்துக்குள் போய்விட்டார், இனி 2059-இல்தான். நூற்றுக்கால் மண்டபத்தின் கல் சங்கிலியைப் பார்த்துவிட்டுக் கோயில் இட்லி சாப்பிட்டேன். மிளகு, சீரகம், சுக்கு, நெய் எல்லாம் சேர்த்து மூங்கில் குடலையில் வேகவைப்பது. சட்னி கேட்காதீர்கள், தேவைப்படாது.

பட்டு வாங்காமல் வந்தால் வீட்டில் விடுவார்களா? கடைக்குப் போவதற்கு முன் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறியைப் பார்த்தேன். கோர்வைப் புடவை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம், அதனால் மூன்று நாடா (ஊடை எனப்படும் குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் கட்டை). நெசவாளர் ஒரு பக்கம், உதவிக்கு அவர் மனைவி மறுபக்கம். ஒவ்வொரு இழைக்கும் கரையின் ஊடையும் உடலின் ஊடையும் கைகோத்து மாட்டிக்கொள்கின்றன. "இழுத்துப் பாருங்க, சேலை கிழிஞ்சாலும் சேர்ப்பு பிரியாது" என்றார் அவர். கடையில் புடவையைப் பிரித்துக் காட்டியபோது நான் பார்த்தது முந்தானையை அல்ல, அந்தச் சேர்ப்பைத்தான். விலையைக் கேட்டபோது பேரம் பேச வாய் வரவில்லை. மனைவி பேசிக்கொண்டாள்.