ஒயிலுக்குள் ஓடும் டைமிங் பெல்ட்: 1.0 எக்கோபூஸ்டில் கழற்றிப் பூட்டிய விபரம்

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் நாங்கள் திறந்தது 2014ஆம் ஆண்டு ஃபோர்ட் ஃபோகஸ். 999 சீசீ, மூன்று சிலிண்டர், டேர்போ உள்ள 1.0 எக்கோபூஸ்ட் எஞ்சின். மீட்டரில் 96,000 கிலோமீட்டர். பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் தண்டின் சுழற்சியை, வால்வைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டுக்குக் கடத்துவது டைமிங் பெல்ட். இந்த எஞ்சினில் அது முன்மூடிக்குப் பின்னால், எஞ்சின் ஒயில் தெறிக்கும் இடத்திலேயே ஓடுகிறது. அதற்குக் கீழே ஒயில் பம்பைச் சுற்றும் சின்ன பெல்ட் ஒன்று, அதுவும் ஒயிலுக்குள்தான். பெல்ட் மாற்றக் கம்பனி கொடுத்த தவணை 10 ஆண்டு அல்லது 240,000 கிலோமீட்டர். மலையகத்தில் ஓடும் வண்டிக்கு அந்தக் கிலோமீட்டர் கணக்கை நம்பி இருக்கவே கூடாது. ஏன் என்பதை பெல்ட்டும், எஞ்சினின் அடியில் ஒயில் தங்கும் சம்பும் காட்டிவிட்டன.

இந்த பெல்ட்டின் ரப்பர் ஒயிலைத் தாங்கும்படி செய்யப்பட்டது. பெற்றோல் கலந்த ஒயில்தான் அதை ஊதவைத்து, இளக்கி, கடைசியில் உதிர்க்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கேயோ தலவாக்கலை, கொட்டகலை பக்கமோ விடியற்காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்து, பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு மூன்று கிலோமீட்டரில் நிறுத்தினால் ஒயில் சூடேறுவதே இல்லை. குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதலாக அடிக்கப்படும் பெற்றோலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியே சம்புக்கு இறங்கும். நீண்ட ஓட்டத்தில் ஒயில் நன்றாகச் சூடேறினால் அது ஆவியாகிப் போய்விடும். சின்ன ஓட்டத்தில் அப்படியே தங்கிவிடும். ஒயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்து மோந்து பாருங்கள். பெற்றோல் வாடை வந்தாலோ, ஊற்றாமலே ஒயில் மட்டம் ஏறியிருந்தாலோ பெல்ட்டின் ஆயுள் குறைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இந்த வண்டி காட்டிய அறிகுறி ஒன்றே ஒன்று. கினிகத்தேனை ஏற்றம் ஏறி ஹட்டன் டவுனுக்குள் வந்து, சூட்டோடு ஐட்லிங்கில் நிற்கும்போது சிவப்பு ஒயில் லைட் மினுங்கியது. அக்சிலேட்டரைத் தொட்டதும் அணைந்தது. சென்சர் கோளாறு என்று சென்சரை மாத்திரம் மாற்றிவிட்டு வண்டியை ஓட்டுவது பெரிய ஆபத்து. லைட் மினுங்கிய வண்டியை இறக்கத்தில்கூட ஓட்டிக் கொண்டுவரக் கூடாது, ரெக்கவரியில் ஏற்றுங்கள். இது வால்வும் பிஸ்டனும் ஒன்றையொன்று இடிக்கும் வகை எஞ்சின். பெல்ட் பல் தாண்டினால் வால்வு வளையும்.

சாமான்களை சேசி இலக்கம் கொடுத்தே எடுக்க வேண்டும். பிந்திய 1.0 எஞ்சின்களில் கேம்ஷாஃப்ட்டுக்கு பெல்ட்டுக்குப் பதில் செயின் வந்துவிட்டது. வருடத்தை மட்டும் சொன்னால் மாறிய சாமான் வரும். நாங்கள் எடுத்தவை: டென்ஷனரோடு (பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது) டைமிங் பெல்ட் கிட், டென்ஷனரோடு ஒயில் பம்ப் பெல்ட், புதிய கிராங்க் போல்ட், முன் கிராங்க் ஒயில் சீல், கேம் மூடி கேஸ்கட், ஹை பிரஷர் பெற்றோல் குழாய், வெளிப்புற ஃபேன் பெல்ட்டுகள், ஒயில் பில்டர், சம்புக்கும் முன்மூடிக்கும் ஏற்ற சிலிக்கன் பசை, கூலன்ட், 5டபிள்யூ-20 ஒயில். வெளிப்புற பெல்ட் இழுத்து மாட்டும் வகை. வெட்டித்தான் எடுக்க வேண்டும், பழையது திரும்ப உதவாது. ஒயில் டின்னில் டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி948-பி என்ற ஃபோர்ட் தர எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தடிப்பு சரியாக இருந்து தர எண் இல்லாத ஒயிலை இந்த எஞ்சினுக்கு ஊற்றாதீர்கள். கொழும்பில் வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் பெல்ட்டை மட்டும் தனியாகத் தருவார்கள். பெட்டி பிரிக்காத கிட்டாக எடுங்கள், மடிந்து வளைந்த பெல்ட்டை வாங்காதீர்கள். மடித்தால் உள்ளே இருக்கும் நார் முறியும், வெளியே எதுவும் தெரியாது.

டைமிங் டூல் செட் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். கிராங்க் நிறுத்தும் பின் (உலோக முளை), கேம்ஷாஃப்ட் பூட்டு, ஃபிளைவீல் பூட்டு, புல்லி நிலைகாட்டி ஆகிய நான்கும் வேண்டும். கிராங்க்கில் பல்சக்கரம் நழுவாமல் பிடிக்கும் சாவி (இடையில் செருகும் உலோகத் துண்டு) கிடையாது. போல்ட்டின் இறுக்கம் ஒன்றுதான் அதைப் பிடித்திருக்கிறது. கேம்களைப் பூட்டாமல் அந்த போல்ட்டைத் தளர்த்தினால் டைமிங் அங்கேயே போய்விடும். பெயின்ற் அடையாளம் போட்டு மாற்றும் பழைய முறை இதற்கு ஒத்துவராது.

எஞ்சின் இரவு முழுவதும் ஆறியிருக்க வேண்டும். பெற்றோல் அழுத்தத்தை இறக்கி, பட்டரியைக் கழற்றி, டிரைவர் பக்க முன் சில்லையும் மட்கார்ட் உள்மூடியையும் எடுத்து, ஒயிலையும் கூலன்டையும் வடித்தோம். சம்பும் கழற்ற இருப்பதால் கீழே ஜக் வைத்து எஞ்சினைத் தாங்க முடியாது. பொனட் திறப்பின் மேல் குறுக்குச் சட்டம் வைத்துச் சங்கிலியால் தொங்கவிட்ட பிறகே எஞ்சினை வண்டியோடு பிடிக்கும் மவுன்டைக் கழற்றினோம். ஹை பிரஷர் பம்பை எடுத்தபின் கேம் மூடி வரும்.

கிராங்க் போல்ட் 300 நியூட்டன் மீற்றருக்கு மேல் இறுகியிருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டரைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் ஃபிளைவீல் பூட்டைப் போட்டு, நீளக் கம்பி மாட்டிய பவர் பாரால் தளர்த்த வேண்டும். கிராங்க் நிறுத்தும் பின்னை முட்டாக வைத்து இந்த போல்ட்டைத் திருப்பாதீர்கள். அந்த பின் நிலையைக் காட்டுவதற்கு மட்டும்தான். பாரம் விழுந்தால் முறியும், சிலநேரம் பிளாக்கையும் சேர்த்து உடைக்கும். இம்பக்ட் கன்னும் இங்கே வேண்டாம்.

முன்மூடியின் போல்ட்டுகள் நீளத்தில் வேறுபடும், ஒன்றிரண்டு மவுன்ட் பிடிக்குள் மறைந்திருக்கும். பிஸ்கட் பெட்டி அட்டையில் மூடியின் உருவத்தை வரைந்து, போல்ட்டைக் கழற்றக் கழற்ற அந்தந்த இடத்தில் குத்தி வைத்தோம். மூடியை நெம்ப ஸ்குரூ டிரைவரை எங்கும் செருக வேண்டாம், அலுமினிய முகம் கீறினால் ஒயில் கசிவு நிச்சயம். நெம்புவதற்கென்று விட்ட காதுகள் மூடியிலேயே உண்டு.

கழற்றிய பெல்ட்டை வெளிச்சத்தில் வளைத்துப் பார்த்தோம். முதுகில் குறுக்காக மயிரிழை வெடிப்புகள், ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது, நகத்தால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றது. அறுவதற்கு இன்னும் நாள் இருந்திருக்கும். ஆனால் அது உதிர்த்த துகள் முழுவதும் சம்புக்குள் இருந்தது. ஒயில் உறிஞ்சும் குழாயின் வலையில் பாதி மூடிக் கிடந்தது. பார்வைக்கு டஸ்ட் தேயிலை மாதிரி. விரல்களுக்கிடையே உருட்டினால் கரித்தூள் பொடியும், இது பொடியாமல் நசுங்கியது. மினுங்கிய லைட்டுக்கு இதுதான் காரணம். ஏற்றத்தில் ஒயில் சூடாகி மெலிந்துவிடும். ஐட்லிங்கில் பம்ப் மெதுவாகச் சுற்றும். அடைத்த வலை வழியே போதிய ஒயில் ஏறாது. பெல்ட்டை மட்டும் மாற்றிச் சம்பைத் திறக்காமல் விட்டால் புதிய பெல்ட்டோடு டேர்போவும் பெயரிங்கும் அடிபடும். கூலி கூடும் என்று வாடிக்கையாளர் தயங்கினால் இந்த வலையைக் காட்டுங்கள்.

இதே வகை பெல்ட் உள்ள பியூஜோ 1.2 பியூர்டெக்கில் துகள்கள் பிரேக்குக்கு வெற்றிடம் கொடுக்கும் பம்பையும் கெடுக்கும், பிரேக் மிதி கல்லாக இறுகும். செங்குத்தான றதல்ல இறக்கத்தில் அப்படி நடந்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த எஞ்சினுக்கு 180,000 கிலோமீட்டராக இருந்த தவணையைப் பின்னர் 100,000 கிலோமீட்டர் அல்லது 6 ஆண்டு என்று குறைத்தார்கள்.

வலையைக் கழுவ பிரேக் கிளீனரும் மெல்லிய தூரிகையும் போதும், வளைந்திருந்தால் மாற்றுங்கள். எஞ்சினுக்குள் ஃபிளஷ் மருந்து ஊற்றாதீர்கள். அது அழுக்கோடு பெல்ட் ரப்பரையும் தின்னும், எங்கோ ஒட்டியிருந்த துகள் முழுவதையும் ஒரே நாளில் வலைக்குக் கொண்டுவரும்.

பூட்டும்போது ஒயில் பம்ப் பெல்ட் முதலில், டைமிங் பெல்ட் பிறகு. டென்ஷனரை விட்டதும் பின்களைக் கழற்றி, கையால் ஓடும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி, பின்கள் எல்லாம் தடையின்றித் திரும்ப இறங்குகிறதா என்று பாருங்கள். ஒன்று இறங்க மறுத்தாலும் தட்டி ஏற்றக் கூடாது, முதலிலிருந்து செய்யுங்கள். முன் புல்லியில் பாரம் வேண்டுமென்றே ஒரு பக்கம் வைக்கப்பட்டிருக்கிறது. மூன்று சிலிண்டர் அதிர்வை அடக்கவே அந்தப் பாரம். நிலைகாட்டி இல்லாமல் புல்லியைப் பூட்டினால் வண்டி ஓடும், ஆனால் ஸ்டியரிங் வரை நடுங்கும். புதிய கிராங்க் போல்ட்டை டோர்க் ரெஞ்சால் இறுக்கி, அதன்மேல் மனுவலில் உள்ள கோண அளவையும் கொடுக்க வேண்டும். கை உணர்வை நம்பக் கூடாது.

எங்களுக்கு அதிக நேரம் எடுத்தது சிலிக்கன். ஆடி மாத மூட்டம் கராஜுக்குள் வரும்போது குளிர்ந்த உலோகம் வியர்க்கிறது. துடைத்த முகத்தில் இரண்டு நிமிடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்து, சிலிக்கன் ஒட்டாமல் தோலாக உரிந்தது. முதல் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஹீட் கன்னால் இரு முகத்தையும் இளஞ்சூடாக்கி, திரும்பத் துடைத்து, 3 மில்லிமீற்றர் கயிறு கணக்கில் அறாமல் இட்டு, உடனே மூடினோம். கூட இடுவது பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். உள்ளே பிதுங்கிய சிலிக்கன் அறுந்து விழுந்தால் கழுவிய வலையை அதுவே அடைக்கும். குளிரில் காய நேரம் எடுக்கும். அன்றே ஒயில் ஊற்றாமல் மறுநாள் காலை வரை விட்டோம்.

பில்டரோடு சேர்த்து நாலு லீற்றருக்குச் சற்று மேல் பிடித்தது. முதல் ஸ்டார்ட்டுக்கு முன் இக்னிஷன் கொயிலையும் இன்ஜெக்டர் இணைப்பையும் கழற்றி, ஒயில் லைட் அணையும் வரை பத்துப் பத்து வினாடியாகக் கிராங்க் செய்தோம். காய்ந்த டேர்போவுக்கு இது கட்டாயம். முழு வேலைக்கும் இரண்டு நாளும் ஒரு காலையும் போனது.

இனி இந்த வண்டிக்கு ஒயில் தவணை 7,500 கிலோமீட்டர் அல்லது 6 மாதம், எது முந்துகிறதோ அது. சின்ன ஓட்டம் மட்டும் ஓடும் வண்டியென்றால் இன்னும் முன்னதாக. முதல் 1,000 கிலோமீட்டரில் ஒயிலை மாற்றி, பில்டரைச் சுற்றி வெட்டி, உள்தாளை வெள்ளைத் துணியில் விரித்துப் பார்த்தோம். மடிப்புகளுக்குள் கறுப்புத் துகள் நாலைந்துதான் இருந்தன, எல்லாம் பழைய பெல்ட்டின் மிச்சம்.