ஆறு வருடம் நின்ற 407

அப்பா இறந்ததிலிருந்து ஆறு வருடம் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் அசையாமல் நின்றது அவருடைய டாடா 407 லாரி. சோழவந்தானிலிருந்து வைகைப் பாலம் தாண்டினால் தென்கரை, அங்கேதான் வீடு. வண்டி 1994 மாடல். மூன்றாவது ஓனராக 2003-இல் அப்பா வாங்கினார். தேங்காய், வாழைத்தார், வெற்றிலைக் கட்டு, எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போவார். போன வருடம் பழைய இரும்பு வாங்குபவர் ஒருவர் வந்து எழுபதாயிரம் தருவதாகச் சொன்னார். அம்மா தலையை ஆட்டிவிட்டார். நான்தான் ஒரு மாதம் பொறுங்கள் என்றேன். அந்த ஒரு மாதம் ஏழு மாதமாக நீண்டு, இரண்டு லட்சத்துக்கு மேல் விழுங்கியது. கணக்குப் போட்டால் முட்டாள்தனம்தான். இருந்தாலும் இதே மாதிரி வாசலில் ஒரு வண்டியை வைத்துக்கொண்டு முழிப்பவர்கள் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று: புது பேட்டரி மாட்டி உடனே செல்ஃப் அடித்துவிடாதீர்கள். நான் அதைத்தான் செய்யப் போனேன். வாடிப்பட்டியில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். உள்ளே பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் துருப்பிடித்து ஒட்டியிருந்தால், செல்ஃப் முறுக்குகிற முறுக்கில் ரிங் உடையும், லைனரில், அதாவது சிலிண்டரின் உட்சுவரில், கோடு விழும். அதனால் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாலு நாசிலையும் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி மூன்று நாள் விட்டோம். நாலாம் நாள் கிராங்க் புல்லி நட்டில் சாக்கெட் போட்டு, அதில் இரும்புக் குழாயைச் செருகி ஆள் பலத்தால் தள்ளினோம். அரை அங்குலம் நகர்ந்தது. அப்புறம் நகரவே இல்லை.

எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைத் தூக்கிப் பார்த்தால் மூன்றாவது சிலிண்டரில் செம்மண் மாதிரி துரு. வண்டி நின்ற அன்று அந்த சிலிண்டரின் வால்வு திறந்த நிலையில் நின்றிருக்கிறது. ஆறு மழைக்காலத்து ஈரமும் அதற்குள் இறங்கியிருக்கிறது. மற்ற மூன்றும் பரவாயில்லை. லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் செட்டாக மாற்றினோம். கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் கிராங்க் கிரைண்டிங். டீசல் பம்பும் நாசிலும் தனியாக வேலைக்குப் போயின. டேங்கில் மிச்சமிருந்த டீசல் வார்னிஷ் மாதிரி ஆகியிருந்தது. கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரேக் வீல் சிலிண்டர் ஒன்றுகூடத் தேறவில்லை. வயரிங்கை எலிகள் பார்த்துக்கொண்டன.

இனி கொஞ்சம் அப்பாவைப் பற்றி. அவர் மெக்கானிக் இல்லை, டிரைவர். ஆனால் தன் வண்டியில் இன்னொருத்தரைக் கை வைக்க விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வண்டிக்கடியில் சாக்கை விரித்துப் படுத்துவிடுவார். வெளியே தெரிவது இரண்டு கால் மட்டும். "தாயி, 12-13 எடு." "தாயி, 16-17." நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே இரட்டை எண்ணும் ஒற்றை எண்ணும் படித்தவள். இந்த வண்டியில் இருக்கும் 497 எஞ்சின் என்றால் என்ன என்று ஆறாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தார்: நாலு சிலிண்டர், ஒவ்வொன்றும் 97 மில்லிமீட்டர் அகலம். பக்கத்து வீட்டு மோட்டார், மாமாவின் டிராக்டர், கோயில் மைக் செட் ஜெனரேட்டர் எல்லாம் எங்கள் வாசலுக்கு வரும். காசு வாங்கமாட்டார். அம்மாவுக்கு அதில் தீராத கோபம். அதைவிடப் பெரிய கோபம், ஊர் வண்டியெல்லாம் சரிசெய்தவர் சொந்த வண்டியின் இடது பக்கக் கதவைச் சரிசெய்யவில்லை என்பது. அந்த லாக் பிடிக்காது. வேகத்தடையில் ஏறினால் கதவு திறந்துகொள்ளும். அம்மா எப்போது வண்டியில் ஏறினாலும் கையை ஜன்னலுக்கு வெளியே போட்டுக் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டேதான் வருவார். "அடுத்த வாரம் பார்க்குறேன்" என்பார் அப்பா. பதினாறு வருடம் அடுத்த வாரம்.

ஷெட்டில் எனக்குத் தர்மசங்கடமானது இதுதான். வண்டியைப் பிரிக்கப் பிரிக்க அப்பாவின் வேலைகள் வெளியே வந்தன. ஆக்ஸிலரேட்டர் பெடலுக்கு சைக்கிள் ஸ்டாண்டு ஸ்பிரிங். ஆல்டர்னேட்டரைப் பிடிக்க அளவில்லாத நீள போல்ட்டும் ஏழு வாஷரும். வயர் ஜாயிண்டில் ஆஸ்பத்திரியில் ஒட்டுகிற பிளாஸ்திரி. ஒவ்வொன்றுக்கும் மெக்கானிக் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "எவன் பார்த்த வேலை பாப்பா இது? அவன் மட்டும் கையில கிடைச்சான்..." நான் எதுவும் சொல்லாமல் கோபுரம் மாதிரி அடுக்கியிருந்த டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரேடியேட்டரை இறக்கிய அன்று அவர் திட்டவில்லை. அடியில் வைக்கிற ரப்பருக்குப் பதிலாகப் பழைய லாரி டயரை வட்டமாக வெட்டி, நடுவில் துளை போட்டு, ஓரத்தைச் சீவி வைத்திருந்தது. கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கம்பெனி ரப்பர் இத்தனை வருஷம் தாங்காது" என்றார். அப்போதுதான் எங்கப்பா வேலை அண்ணே என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "காசில்லாம பார்த்திருக்காரு. தெரியாம பார்க்கல" என்று சொல்லிவிட்டு டீ சொல்லப் போய்விட்டார். அதற்குப் பிறகு திட்டு நின்றதா என்றால் இல்லை. "எவன்" என்பது மட்டும் "அவரு" ஆனது. போல்ட்டும் பிளாஸ்திரியும் குப்பைக்குப் போயின. டயர் ரப்பர் அதே இடத்துக்குத் திரும்பியது.

டாப்பெட் வைத்த, அதாவது வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்த நாள் என்னுடையது. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-3-4-2. எஞ்சினைக் கையால் சுற்றும்போது நாலாவது சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூடி ஒன்று திறக்கும் நேரத்தில் லேசாக ஆடும். அப்போது ஒன்றாவதில் டாப்பெட் வைக்க வேண்டும். மூன்று ஆடினால் இரண்டில். "கூட்டினா அஞ்சு வரணும் தாயி" என்பார் அப்பா. நான் குழாயைப் பிடித்துச் சுற்றி, "மூணு ஆடுதுண்ணே" என்றேன். அண்ணன் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை இரண்டாவதில் விட்டபடி, இது எங்கே படித்தது என்று கேட்டார்.

ஸ்டார்ட் செய்யும் முன் டீசல் லைனில் உள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டர் மேலுள்ள ஸ்குரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தால் முதலில் நுரையாக வரும்; நுரை போய் டீசல் சுத்தமாக வந்ததும் இறுக்க வேண்டும். அப்புறம் நாசில் பைப் நட்டுகளைத் தளர்த்தி செல்ஃப் அடித்து, அங்கேயும் டீசல் எட்டிப்பார்த்ததும் இறுக்கினோம். நாலாவது முறை பிடித்தது. வெள்ளைப்புகை ஷெட்டை மூடிவிட்டது.

எஞ்சினைவிடக் காகிதம் கஷ்டம். உயிரோடு இருப்பவர் வண்டியை விற்றால் படிவம் 29, 30. இறந்தவர் பெயரிலிருந்து வாரிசுக்கு மாற்ற 31. நான் பிடித்த ஏஜெண்ட் 30-ஐ நிரப்பிக் கொடுத்து இரண்டு வாரத்தைத் தின்றார். சட்டப்படி இறந்த 30 நாளுக்குள் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நாங்கள் ஆறு வருடம் கழித்துப் போய் நின்றோம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் தங்கையும் ஆட்சேபணை இல்லை என்று போட்ட கையெழுத்து, அபராதம். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டப் போன முதல் நாள் ஹேண்ட் பிரேக் நிற்கவில்லை என்று திருப்பிவிட்டார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். ஒளிரும் ஸ்டிக்கர், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எல்லாம் முன்கூட்டியே மாட்டிவிடுங்கள், ஒரு நடை மிச்சம்.

எஃப்.சி. கிடைத்த வெள்ளிக்கிழமை அம்மாவை ஏற்றிக்கொண்டு மதுரை பாண்டி கோயிலுக்குக் கிளம்பினேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் அம்மாவே வைத்தார். இடது கதவுக்குப் புது லாக் போட்டாயிற்று. சாத்தினால் 'டக்'கென்று விழுகிறது. அதை இரண்டு முறை திறந்து மூடியும் காட்டினேன். பார்த்தார், சரி என்றார். வைகைப் பாலத்தில் ஏறும்போது திரும்பிப் பார்த்தால், கை ஜன்னலுக்கு வெளியே கதவை இழுத்துப் பிடித்திருந்தது.

"லாக் பிடிக்குதும்மா. கையை எடு."

"நீ ரோட்டைப் பார்த்து ஓட்டுடி" என்றார்.