நாகூர் கந்தூரிக்குப் போனால் கொடியேற்றத்துக்குப் போங்கள்

நாகூர் தர்காவில் வருஷா வருஷம் நடக்கும் கந்தூரி விழா என்றாலே எல்லோரும் சந்தனக்கூடு ராத்திரியைத்தான், அதாவது அடக்கத்தில் பூசும் சந்தனம் ஊர்வலமாக வரும் ராத்திரியைத்தான் சொல்வார்கள். என்னைக் கேட்டால் முதல் நாள் கொடி ஊர்வலத்தைப் பாருங்கள் என்பேன். நாகப்பட்டினத்திலிருந்து கொடிகளை ஏற்றிக்கொண்டு, கப்பல் மாதிரியே ஜோடித்த ரதங்கள் தெருத்தெருவாக வரும்போது இது எப்பேர்ப்பட்ட ஊர் என்று யாரும் எடுத்துச் சொல்லவே வேண்டாம்.

எல்லாம் கடல்தான். 16ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து தங்கி இங்கேயே அடங்கிய சூஃபி ஞானி சாகுல் ஹமீது ஆண்டவர், அவர் அடக்கம்தான் நாகூர் தர்கா. ஓட்டை விழுந்து மூழ்கப்போன கப்பலை அவர் கரையில் இருந்தபடியே காப்பாற்றினார் என்ற கதையைக் கேட்காத நாகூர்க்காரர் இருக்கமாட்டார். அந்த நம்பிக்கையோடு கப்பலேறிப் போனவர்களுக்குப் போன இடத்திலும் அவர்கள் எசமான் என்று அழைக்கும் அவர் வேண்டியிருந்தது. சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1828-30ல் ஒரு நாகூர் தர்கா கட்டினார்கள், அப்போது அந்தத் தெரு கடலோரத்தில் இருந்தது. பினாங்கு சூலியா தெருவில் ஒன்று, இலங்கையில் கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசல். அங்கெல்லாம் அவர் அடக்கம் கிடையாது, நினைவு மட்டும்தான். கல்முனையில் கொடியேற்றமும் உண்டு.

இங்கே நாகூர் தர்காவில் ஐந்து மினாராக்கள், அதாவது கோபுரங்கள். அதில் 131 அடி உயரப் பெரிய மினாராவைக் கட்டியது தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் என்பதைப் பலரும் வியப்பாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வாசலில் விற்கிற காணிக்கைத் தகடுகள். உள்ளங்கையில் அடங்கும் மெல்லிய தகட்டில் கண், கால், வீடு, படகு என்று பொறித்திருக்கும். கண் வலி தீர வேண்டியவர் கண் வாங்குவார், மீனவர் படகு வாங்குவார். குளத்தில் மொட்டை போட்டுக் குளித்துவிட்டு வருகிற இந்துக் குடும்பங்களும் அதே தகட்டோடு உள்ளே போய், தர்காவில் ஓதிக்கொடுக்கும் சாபு பாத்திஹா என்ற பிரார்த்தனையை ஓதும்வரை கைகூப்பி நிற்பார்கள். தர்கா போவது சரியா என்று முஸ்லிம்களுக்குள்ளேயே வாதம் உண்டு, அது பழைய வாதம். ஆனால் அந்த வாசலில் யாரும் யாரையும் என்ன சாதி, என்ன மதம் என்று கேட்பதில்லை, எனக்கு அது போதும்.

சரி, தேதிக்கு வருவோம். கந்தூரி இஸ்லாமிய நாட்காட்டியின் ஜமாதுல் ஆகிர் மாதத்தில் 14 நாள், பத்தாம் இரவு சந்தனக்கூடு. பிறைக் கணக்கு என்பதால் வருஷா வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துவிடும், போன வருஷத் தேதியை நம்பி டிக்கெட் போடாதீர்கள்.