தண்ணி ஓடாத ஆத்தங்கரையில நாலு நாள்

ஆப்பிரிக்காவுல இருக்கற நமீபியா போறோம்னதும் எல்லாரும் செம்மணல் மேட்டு போட்டோதான் கேட்டாங்க, நான் போனது ஆத்துக்கு. ஆறுன்னதும் தண்ணிய நினைச்சுக்காதீங்க. ஹோவானிப், ஹோவாருசிப், ஹுவாப், உகாப்னு வடமேற்குல இருக்கறதெல்லாம் வருஷத்துல முக்காவாசி நாள் வெறும் மணல், கிழக்கால மேட்டுப் பக்கம் மழை கொட்டினா மட்டும் வெள்ளம் வந்துட்டுப் போகும். ஆனா மணலுக்கு அடியில ஈரம் நிக்குது பாருங்க, அதை நம்பி மரம், மரத்தை நம்பி யானையும் ஒட்டகச்சிவிங்கியும், அப்புறம் சிங்கம் வரைக்கும். ரெண்டு பக்கமும் மொட்டைப் பாறை, நடுவுல பச்சையா ஒரே ஒரு கோடு.

மொத நாள் யானையைத் தேடி ஜீப்புல மேலயும் கீழயும் சுத்தியே பெட்ரோலைக் கரைச்சோம், கிடைச்சது காலடித்தடமும் லத்தியும்தான். ரெண்டாம் நாள் வந்த கைடு விவரமானவர். ஒரு அனா மரத்துக்குத் தள்ளி வண்டிய நிறுத்தி இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, சும்மா உக்காருங்கன்னுட்டார். அந்த மரமே ஒரு தினுசு, மழைக்காலத்துல இலைய உதிர்த்துட்டு வறட்சியில பச்சையா நிக்கும், நெத்து சீவிப்போட்ட ஆப்பிள் தோல் காஞ்ச மாதிரி சுருண்டு கிடக்கும். ஒன்றரை மணி நேரம் கழிச்சு ஒரு தாய் யானை குட்டியோட வந்துச்சு. ஒவ்வொரு நெத்தா பொறுக்கி அது மெல்ற கடக் கடக் சத்தம் வண்டிக்குள்ள கேக்குது! அப்புறம் மணலைக் காலால உதைச்சு உதைச்சு ஊத்து தோண்டி, துதிக்கைய உள்ள விட்டுட்டு தண்ணி ஊறுற வரைக்கும் அசையாம நின்னுச்சு, குட்டிக்குத்தான் பொறுமையே இல்ல. பாலைவன யானைன்னா தனி இனம்னு சொல்றாங்க, அப்படியெல்லாம் இல்ல, சாதாரண சவானா யானைதான், இங்க பொழைக்கக் கத்துக்கிட்டது.

தங்கறதுக்கு நாங்க மொதல்ல புக் பண்ண லாட்ஜ் ‘ஆத்தங்கரை’ன்னு போட்டிருந்தான், நேர்ல போனா ஆத்துக்கு முக்கால் மணி நேரம் வண்டி ஓட்டணும், நீச்சல்குளம் மட்டும் அழகா இருந்துச்சு. அடுத்த நாளே ஊர்க்காரங்க நடத்துற கேம்ப்சைட்டுக்கு மாறிட்டோம். 1996ல வந்த சட்டத்துல இருந்து அந்தந்தப் பகுதி ஜனங்க கன்சர்வன்சின்னு காட்டு விலங்கைப் பாத்துக்கற ஊர் அமைப்பு வச்சு காட்டு விலங்கால வர்ற வருமானத்தை அவங்களே வச்சுக்கலாம், அதனால நாம குடுக்கற காசு அங்கயே நிக்கும். வெந்நீர் வேணும்னா விறகு மூட்டணும், அதெல்லாம் பரவால்ல. ஒண்ணு மட்டும், மணல் மெத்தை மாதிரி இருக்கேன்னு ஆத்துக்குள்ளயே டென்ட் அடிச்சுடாதீங்க, தலைக்கு மேல மேகமே இல்லாதப்பகூட எங்கயோ பெஞ்ச மழைக்கு வெள்ளம் வரும், போதாததுக்கு யானை நடக்கற ரோடும் அதுதான்.

கிளம்புற அன்னிக்குக் காலையில அதே ஊத்துகிட்ட போய்ப் பார்த்தோம். யானை இல்ல, சுத்தியும் நரித்தடம், ஒரு ஆண் கல்கௌதாரி மட்டும் தண்ணியில வயித்தை முக்கி முக்கி எடுத்துக்கிட்டிருந்துச்சு, இறகுல தண்ணிய ஊறவச்சு குஞ்சுக்குக் கொண்டு போகுமாம்.