இரண்டு இரண்டாகச் சேர்ந்த 628: பிரிஸ்டலிலிருந்து ஈப்பர் வரை

தெருவில் கிரிக்கெட் ஆடியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், தெருவுக்குத் தெரு சட்டம் மாறும். எதிர்ச் சுவரில் பட்டால் இரண்டு, மொட்டை மாடியில் விழுந்தால் அவுட், சாக்கடைக்குள் போனால் அடித்தவனே இறங்கி எடுக்க வேண்டும். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரின் கிளிஃப்டன் பகுதியில், குத்ரி சாலையோரம் இருக்கும் பள்ளி மைதானத்துக்கும் இப்படி ஒரு சட்டம் இருந்தது. ஒரு பக்கம் எல்லை கிட்டத்தில் இருந்ததால், அங்கே பந்து எல்லையைத் தாண்டினால் 4 கிடையாது, 2 தான். மறுபக்கம் தரை சரிந்துகொண்டே போகும். அங்கே அடித்தால் ஓடித்தான் ரன் எடுக்க வேண்டும்.

அந்த மைதானத்தில்தான் 1899 ஜூனில் ஏ.இ.ஜே. காலின்ஸ் என்ற 13 வயதுப் பையன் ஆட்டமிழக்காமல் 628 ரன் எடுத்தான். பதிவான தனிநபர் ஸ்கோர்களில் அதுவே உச்சம் என்று 116 ஆண்டுகளுக்கு மேல் நின்றது. ஒரு 6, நான்கு 5, முப்பத்தொரு 4, முப்பத்து மூன்று 3, நூற்று நாற்பத்தாறு 2, எண்பத்தேழு 1. கூட்டிப் பாருங்கள்: 6 + 20 + 124 + 99 + 292 + 87 = 628. இரண்டு ரன்களாக மட்டுமே 292, அதாவது மொத்தத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. வீட்டில் உட்கார்ந்து படித்தால் இது விசித்திரமான கணக்காகத் தோன்றும். மைதானத்தின் வடிவத்தைப் பார்த்தால் புரிந்துவிடும்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் முதலில் விசாவைக் கவனியுங்கள். காலின்ஸின் கதை பிரிஸ்டலில் தொடங்கி பெல்ஜியத்தின் ஈப்பரில் முடிகிறது. பிரிட்டிஷ் விசாவை வைத்துக்கொண்டு பெல்ஜியத்துக்குள் நுழைய முடியாது, ஷெங்கன் விசா தனியாக எடுக்க வேண்டும். பிரிட்டனின் வழக்கமான ஆறு மாதச் சுற்றுலா விசாவில் அந்தக் காலத்துக்குள் வெளியே போய்த் திரும்பி வரலாம் என்பதால் லண்டனிலிருந்து கிளம்பி லண்டனுக்கே திரும்புவதில் சிக்கல் இல்லை. இரண்டுக்கும் ஒரே சமயத்தில் விண்ணப்பித்தால் பாஸ்போர்ட் ஓரிடத்தில் மாட்டிக்கொள்ளும். ஒன்று கைக்கு வந்த பிறகு அடுத்ததற்குப் போடுவதே நல்லது.

லண்டன் பேடிங்டன் நிலையத்திலிருந்து பிரிஸ்டல் டெம்பிள் மீட்ஸ் வரை ரயிலில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம். அங்கே செவர்ன் பீச் பாதைக்கான உள்ளூர் ரயிலுக்கு மாறி கிளிஃப்டன் டவுன் நிலையத்தில் இறங்கினால், குத்ரி சாலைக்குக் கால் மணி நேர நடை. வழி கேட்பதென்றால் பழைய மிருகக்காட்சி சாலையைக் கேளுங்கள். 1836 முதல் அங்கே இருந்த அந்த மிருகக்காட்சி சாலை 2022 செப்டம்பரில் மூடப்பட்டாலும், ஊர்க்காரர்களுக்கு இன்னும் அதுதான் அடையாளம். அதற்கும் கிளிஃப்டன் கல்லூரிக்கும் நடுவில் ஓடுவதுதான் குத்ரி சாலை.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். கல்லூரி என்று பெயர் இருந்தாலும் இது பள்ளிக்கூடம். அதன் பெரிய மைதானத்துக்கு 'தி குளோஸ்' என்று பெயர். பார்க்க அழகானது, புகழ்பெற்றதும் அதுதான். கிளஸ்டர்ஷயர் அணி அங்கே பல ஆண்டுகள் முதல்தர ஆட்டங்கள் ஆடியிருக்கிறது. அந்தக் காலத்து இங்கிலாந்தின் நட்சத்திர ஆட்டக்காரர் டபிள்யூ.ஜி. கிரேஸ் தன் முதல்தரச் சதங்களில் 13ஐ அங்கே அடித்தார். அதைப் படம் எடுத்துக்கொண்டு 628 அடித்த இடம் என்று போட்டுவிடுகிறார்கள். காலின்ஸ் ஆடியது குளோஸில் இல்லை. சின்னப் பையன்கள் பள்ளிக்குள்ளேயே அணிகளாகப் பிரிந்து ஆடும் ஹவுஸ் ஆட்டத்துக்குக் குளோஸைத் தர மாட்டார்கள். குத்ரி சாலையை ஒட்டிய சிறிய நிலம்தான் அவர்களுக்கு. அதற்கு இப்போது 'காலின்ஸ் பீஸ்' என்றே பெயர், நினைவுப் பலகையும் உண்டு.

பள்ளி நாட்களில் அனுமதியில்லாமல் உள்ளே போகக் கூடாது. பிள்ளைகள் இருக்கும் வளாகம், கண்டிப்பாக இருப்பார்கள், இருக்கவும் வேண்டும். உள்ளே போய்ப் பார்க்க விரும்புகிறவர்கள் சில வாரங்கள் முன்பே பள்ளி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம்.

போவதற்கு நல்ல மாதம் ஜூன். மழை குறைவு என்பதற்காக இல்லை, பிரிஸ்டலில் அதற்கு உத்தரவாதமே கிடையாது. ஜூன் கடைசியில் அங்கே இரவு ஒன்பதரை மணிக்குத்தான் சூரியன் மறையும். 1899இல் கோடைக்குக் கடிகாரத்தை முன்னால் தள்ளும் வழக்கம் வரவில்லை என்பதால் அந்தக் கடிகாரப்படி எட்டரை. பள்ளி விட்ட பிறகு இரண்டரை மணி நேரம் கிரிக்கெட் ஆட முடிந்தது அந்த வெளிச்சத்தால்தான். ஹவுஸ் ஆட்டங்களுக்கு நாள் கணக்கும் இல்லை. முடியும் வரை, மாலைக்கு மாலை ஆடிக்கொண்டே இருக்கலாம். 628க்கு மைதானத்தின் வடிவம் ஒரு காரணம் என்றால், இந்த முடிவில்லாத மாலைகள் இன்னொரு காரணம்.

ஜூன் 22, வியாழக்கிழமை. கிளார்க்ஸ் ஹவுஸும் நார்த் டவுனும் மோதின. நார்த் டவுன் என்பது ஊரின் வடபகுதியில் வீட்டிலிருந்து வந்து படிக்கும் பையன்களின் அணி. காலின்ஸ் கிளார்க்ஸ் ஹவுஸுக்குத் தொடக்க ஆட்டக்காரன். அன்று மாலை முடிவில் 200. வெள்ளிக்கிழமை விஷயம் பள்ளி முழுக்கப் பரவி, வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. அதுவரை இருந்த சாதனை, ஆண்ட்ரூ ஸ்டாடர்ட் 1886இல் லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் அணிக்காக ஒரே நாளில் அடித்த 485. வெள்ளி மாலையே காலின்ஸ் அதைத் தாண்டி 509இல் நின்றான். சனி, ஞாயிறு ஆட்டம் இல்லை. திங்கட்கிழமை 55 நிமிடம்தான் ஆட்டம், 598. செவ்வாய்க்கிழமை கடைசி ஆட்டக்காரன் தாமஸ் ரெட்ஃபெர்ன் 13 ரன்னில் கேட்ச் கொடுத்து அவுட் ஆனதும் இன்னிங்ஸ் முடிந்தது. அணி 836, காலின்ஸ் 628 நாட் அவுட். மொத்தம் 6 மணி 50 நிமிடம். மற்றப் பத்துப் பேரும் உதிரி ரன்களும் சேர்ந்தே 208 தான்.

நடுவில் கேட்சுகள் தவறின. எதிரணியில் இருந்தவர்களும் சின்னப் பையன்கள்தான். பந்துக்குப் பின்னால் ஓடி ஓடிக் களைத்துப்போன கைகள். நார்த் டவுன் 87க்கும் 61க்கும் சுருண்டது. காலின்ஸ் பந்துவீச்சிலும் விடவில்லை: 33 ரன்னுக்கு 7 விக்கெட், பிறகு 30க்கு 4. ஐந்தாம் மாலை, ஜூன் 28 அன்று, இன்னிங்ஸ் மற்றும் 688 ரன் வித்தியாசத்தில் கிளார்க்ஸ் ஹவுஸ் வென்றது.

ஸ்கோர் எழுதியதும் பள்ளிப் பையன்கள்தான். 628 என்பதில் இருபது கூடக் குறைய இருக்கலாம் என்று ஸ்கோரர்களில் ஒருவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இதை வைத்துச் சாதனையைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. அந்த வாதம் செல்லாது. நாலு மாலை, வேடிக்கைக் கூட்டம், எல்லைக்கு ஒரு பக்கம் 2, மறுபக்கம் ஓடியவரைக்கும் ரன். இப்படி ஓர் ஆட்டத்தில் பென்சில் வைத்திருப்பவன் கண்ணை எடுத்தால் ஒரு 3 ரன் 2 ஆகிவிடும். இருபது தள்ளினாலும் 608. ஸ்டாடர்டின் 485 அப்போதும் நூறு ரன்னுக்கு மேல் பின்னால்தான் இருக்கும்.

2016 ஜனவரி 4 அன்று இந்தச் சாதனையை முறியடித்தது மகாராஷ்டிராவின் கல்யாணைச் சேர்ந்த பள்ளி மாணவர் பிரணவ் தனவாடே. புனே வழியாக மும்பை செல்லும் சென்னை ரயில்களில் போனவர்களுக்குத் தெரிந்த அதே கல்யாண். அவர் அடித்தது ஆட்டமிழக்காமல் 1009. இரண்டு இன்னிங்ஸையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனவாடே 129 பவுண்டரி, 59 சிக்ஸர். 1009இல் 870 ரன் அவற்றிலேயே வந்துவிட்டது. காலின்ஸுக்கு ஃபோரும் சிக்ஸரும் சேர்ந்தே 130 தான். கல்யாணிலும் எல்லை கிட்டத்தில்தான் இருந்தது. ஆனால் அங்கே கிட்டத்து எல்லைக்கும் முழு மதிப்பு உண்டு, கிளிஃப்டனில் பாதி மதிப்பு. எது பெரியது என்ற பட்டிமன்றத்துக்கு இந்த ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாமல் போகாதீர்கள்.

காலின்ஸ் பிறந்தது இந்தியாவில், இன்றைய ஜார்கண்டின் ஹஜாரிபாகில், 1885 ஆகஸ்ட் 18 அன்று. தந்தை இந்திய சிவில் சர்வீஸில் நீதிபதி. 1897இல் கிளிஃப்டனில் சேரும்போதே தாயும் தந்தையும் உயிரோடு இல்லை. பையன் பாக்ஸிங், ரக்பி எல்லாம் ஆடினான். ஆனால் முதல்தர கிரிக்கெட் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. இங்கிலாந்தில் அப்போது கிரிக்கெட் வீரர்கள் இரண்டு சாதி: சம்பளம் வாங்கி ஆடும் தொழில்முறைக்காரர்கள், சம்பளம் இல்லாத அமெச்சூர்கள். மைதானத்துக்குள் நுழையும் வாசல்கூடச் சில இடங்களில் வேறு வேறு. ஸ்கோர் அட்டையில் அமெச்சூருக்குப் பெயருக்கு முன்னால் இனிஷியல், மற்றவருக்குப் பின்னால். அமெச்சூர் என்றால் ஆட நேரம் வேண்டும், பிழைப்புக்கு வேறு வழியும் வேண்டும். காலின்ஸுக்கு அந்த வழி ராணுவம். 1902இல் வுலிச் ராணுவக் கழகம், 1904இல் ராயல் இன்ஜினியர்ஸ் பிரிவில் அதிகாரி. கிரிக்கெட் லீவு நாள் விஷயமாகிவிட்டது.

அதில் உருப்படியாகப் பார்க்கக்கூடிய இடம் லண்டனின் லார்ட்ஸ் மைதானம். 1913இல் அங்கே ராயல் ஆர்ட்டிலரிக்கு எதிராக ராயல் இன்ஜினியர்ஸுக்காக 58, 36 எடுத்தார். செயின்ட் ஜான்ஸ் வுட் பாதாள ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். ஆட்ட நாட்களில் சுற்றிப்பார்க்க விட மாட்டார்கள், அட்டவணையைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். வுலிச்சுக்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டாம், பழைய ராணுவக் கழகக் கட்டடம் அடுக்குமாடிக் குடியிருப்பாகிவிட்டது.

1914 வசந்தத்தில் கல்யாணம். ஆகஸ்டில் முதல் உலகப் போர். கேப்டன் காலின்ஸ் 5ஆவது ஃபீல்டு கம்பெனியுடன் பிரான்சுக்குப் போனார்.

ஈப்பருக்கு லண்டனிலிருந்து யூரோஸ்டாரில் லீல் அல்லது பிரஸ்ஸல்ஸ், அங்கிருந்து கோர்ட்ரைக் வழியாக ரயில். ஆங்கிலப் புத்தகங்களில் ஊரின் பெயர் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் 'ஈப்ர' என்று இருக்கும். பெல்ஜிய ரயில் பலகைகளில் ஈப்பர் என்றுதான் தேட வேண்டும். பழைய பெயரைத் தேடினால் கிடைக்காமல் திணறுவீர்கள்.

பகலில் முதலில் பாலிகன் காட்டுக்குப் போங்கள். ஊருக்குக் கிழக்கே, சோனபேக் பக்கம். வாடகை சைக்கிள் போதும், பெரிய மேடு கிடையாது. மழைக்குப் பிறகு காட்டுப் பாதை சகதியாகும், கான்வாஸ் ஷூ வேண்டாம். காட்டின் தெற்கே, ஏ19 நெடுஞ்சாலைப் பக்கமாக இருந்த சிறு தோப்புக்கு நோன பாஸ்கன் என்று பெயர், கன்னியாஸ்திரிகளின் தோப்பு என்று பொருள். 1914 நவம்பர் 11 அன்று ஜெர்மனியின் பிரஷ்யக் காவற்படை இங்கே உடைத்துக்கொண்டு நுழைந்தது. அதைத் திருப்பி அடிக்கக் காலாட்படை போதவில்லை. பாலம் கட்டவும் குழி வெட்டவும் வந்த 5ஆவது ஃபீல்டு கம்பெனி இன்ஜினியர்களும் துப்பாக்கியோடு இறங்கினார்கள். பதுங்கு குழியின் பக்கவாட்டைக் காக்க இன்னும் ஆள் வேண்டும் என்று சைகை காட்டியபோது காலின்ஸ் மேல் குண்டு பாய்ந்தது. உள்ளே இழுத்துப் போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் இறந்தார். வயது 29.

காட்டுக்குள் இருக்கும் பட்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அவர் பெயரைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். உடல் கிடைக்கவில்லை, கல்லறை இல்லை. பெயர் இருப்பது ஊருக்குள், போர் நினைவு வாயிலான மெனின் கேட்டில். கல்லறை இல்லாத 54,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே பொறித்திருக்கின்றன. அகர வரிசையில் தேடினால் கிடைக்காது. முதலில் படைப்பிரிவு, அதற்குள் பதவி, அதற்குள்தான் எழுத்து வரிசை. ராயல் இன்ஜினியர்ஸ் 9ஆம் பலகை. அதில் கேப்டன்கள் என்ற தலைப்பின் கீழ் பாருங்கள். போவதற்கு முன் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் முழுப் பெயர் போட்டுப் பலகை எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: ஆர்தர் எட்வர்ட் ஜூன் காலின்ஸ் (Arthur Edward Jeune Collins). காலின்ஸ் என்ற பெயரில் பலர் இருக்கிறார்கள்.

தினமும் இரவு 8 மணிக்கு வாயிலின் அடியில் போக்குவரத்தை நிறுத்திவிட்டு 'லாஸ்ட் போஸ்ட்' என்ற ராணுவ அஞ்சலி இசையை ஊதுகிறார்கள். 1928இல் தொடங்கிய வழக்கம், இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் ஆக்கிரமிப்பில் நின்றுபோய், ஊர் விடுபட்ட அன்று, 1944 செப்டம்பர் 6 மாலையே மறுபடி தொடங்கியது. கோடையில் ஏழேகால் மணிக்குள் போகாவிட்டால் முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்க்க முடியும். பெயர்களைப் படிக்க அந்த நேரம் சரிப்படாது, வெளிச்சமும் இடமும் இருக்காது. பலகையைப் பகலிலேயே பார்த்துவிடுங்கள். ஊதி முடிந்ததும் கூட்டம் கலையக் கொஞ்ச நேரம் ஆகும், அதற்குப் பிறகு கோர்ட்ரைக்கில் மாறி பிரஸ்ஸல்ஸ் போய்ச் சேர நள்ளிரவு நெருங்கிவிடும். அன்றிரவு ஈப்பரிலேயே அறை எடுத்துவிடுங்கள்.